ஏறுவது சேர்த்தி, இறங்குவது தனி

எதை வாங்கினாலும் மூன்று இடத்தில் விலை கேட்காமல் வாங்கக் கூடாது என்பது கொட்டேஷனாரின் கொள்கை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் பம்பு தயாரிக்கும் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் முப்பத்து மூன்று வருடம் உட்கார்ந்து எழுந்தவர், ஓய்வு பெற்ற மறுநாளே முடி வெட்டிக்கொள்ள மூன்று கடைகளில் எழுத்து மூலம் கொட்டேஷன் கேட்டதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. மூன்று கடைக்காரர்களும் பேசிவைத்துக்கொண்டு ஒரே விலையை எழுதிக் கொடுத்தார்கள். கூட்டுச்சதிக்கு இடம் கொடுக்க மாட்டேன் என்று அவர் ஏழு மாதம் முடியே வெட்டிக்கொள்ளவில்லை. பார்த்தவர்கள் துறவறம் வாங்கிவிட்டாரோ என்று பயந்தார்கள். துறவறத்துக்கும் மூன்று கொட்டேஷன் கேட்டிருப்பார் என்பது அவர் மனைவியின் அபிப்பிராயம்.

அப்பேர்ப்பட்டவரின் ஒரே மகள் ஒருநாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தாள். சீருடைக் கழுத்துப்பட்டையை அவிழ்த்து நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, தான் விமானி ஆகப்போவதாகச் சொன்னாள். விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டியை எடை போட்டுச் சீட்டு ஒட்டும் வேலை அவளுக்கு.

"நாலு வருஷமா அடுத்தவங்க பெட்டிய எல்லாம் எடை போட்டு வானத்துக்கு அனுப்பிட்டேன்ப்பா. பெட்டிகூட பறக்குது, நான் தரையிலயே நிக்கறேன்" என்றாள்.

சும்மா சொல்லவில்லை. மருத்துவப் பரிசோதனையில் தேறிவிட்டாள். எழுத்துத் தேர்வுகளை எழுதி முடித்துவிட்டாள். வங்கியும் கடன் தருவதாகச் சம்மதக் கடிதம் கொடுத்துவிட்டது. பாக்கி இரண்டே விஷயம்: வெளிநாட்டு விமானப் பள்ளி ஒன்றின் சேர்க்கைக் கடிதம், கூட்டு விண்ணப்பதாரராக அப்பாவின் கையெழுத்து. இரண்டும் முப்பதாம் தேதி மாலை நான்கு மணிக்குள் வங்கி மேசைமேல் இருக்க வேண்டும். தவறினால் கடன் ரத்து. மறுபடி கேட்க ஒரு வருடம் ஆகும். அதற்குள் மருத்துவச் சான்றும் காலாவதியாகிவிடும், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெட்டி, எடை, சீட்டு.

"எத்தனை ஸ்கூல் பார்த்த?" என்றார் கொட்டேஷனார்.

"பதினொண்ணு. அதுல ஒண்ணு பிடிச்சிருக்கு."

"பிடிச்சிருக்கா? பிடிக்கறதுக்கு அது என்ன பூனைக்குட்டியா? முறைப்படி டெண்டர் விடணும்."

"அப்பா, இன்னும் இருபத்தாறு நாள்தான் இருக்கு."

"இருபத்தாறு நாள்ல நான் ஒரு தொழிற்சாலையையே வாங்கியிருக்கேன்" என்றார். அவர் வாங்கியது தொழிற்சாலைக்குக் கதவு. அதுவும் வந்து சேரும்போது சுவரைவிட அரையடி அகலமாக இருந்தது. ஆனால் மலிவு.

மறுநாள் காலையிலேயே ஐந்து பக்கத்துக்கு டெண்டர் அறிவிப்பு தயாராகிவிட்டது. 'இருநூறு மணி நேரம் விமானம் ஓட்டக் கற்பித்து, லைசென்சுடன், நல்ல நிலையில், சேதாரமின்றி வீட்டு வாசலில் ஒப்படைக்க விலைப்புள்ளிகள் வரவேற்கப்படுகின்றன' என்று தொடங்கியது அது. சேதாரமின்றி ஒப்படைக்க வேண்டிய சரக்கு, பக்கத்தில் நின்று படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டது. விலைப்புள்ளிகளை அரக்கு முத்திரையிட்ட உறையில் அனுப்ப வேண்டும் என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தார். பதினொரு பள்ளிகளுக்கும் அறிவிப்பு பறந்தது. ஐந்து பள்ளிகள் பதிலே போடவில்லை. ஒன்று, அரக்கு என்றால் என்ன, அது விமானத்தின் எந்தப் பாகம் என்று விசாரித்தது. இன்னொன்று இது மோசடிக் கும்பல் என்று முடிவு கட்டி, அவர் மின்னஞ்சலையே தடை செய்தது. மிச்சம் நான்கு பள்ளிகள் விலையை மின்னஞ்சலில் அனுப்பின.

மின்னஞ்சலுக்கு அரக்கு வைக்க முடியுமா? கொட்டேஷனாரால் முடியும். விலை தன் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று மனைவியை விட்டுக் கணினியில் அச்செடுக்கச் சொல்லி, தான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, மடித்துக் கொடுத்ததை வாங்கி உறையில் போட்டு, மெழுகுவர்த்தியில் அரக்கு உருக்கி நான்கு உறைக்கும் தானே முத்திரை குத்தினார். மூன்று நாளைக்கு வீட்டில் எதைச் சாப்பிட்டாலும் அரக்கு வாசனை. பிறகு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் தானே உடைப்பதற்காக, நான்கையும் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தானே வைத்துக்கொண்டார்.

டெண்டர் திறக்கும்போது விலை கொடுத்தவர்களின் பிரதிநிதிகள் முன்னிலையில் இருக்க வேண்டும் என்பது விதி. பள்ளிகளோ கடலுக்கு அப்பால். விதியை மீறலாமா? உறவினர்கள் எதற்கு இருக்கிறார்கள்? பனி நாட்டுப் பள்ளிக்குத் தன் அக்காவை நியமித்தார். மணல் நாட்டுப் பள்ளிக்கு மைத்துனர். தீவு நாட்டுப் பள்ளிக்கு மனைவி. சமவெளி நாடு ஒன்றிலிருந்த நான்காவது பள்ளிதான் மகள் மனசில் வைத்திருந்தது. அதற்கு அவளே பிரதிநிதி.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குச் சாப்பாட்டு மேசை துடைக்கப்பட்டது. அரை மணி நேரத்துக்கு முன்வரை பனி நாட்டுப் பள்ளி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத அக்கா, இப்போது அதன் ஏகபோக முதலாளி மாதிரி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் உறை அவளுடையது. உள்ளதிலேயே விலை அதிகம். போதாக்குறைக்கு வருடத்தில் ஐந்து மாதம் பனியால் ஓடுபாதை மூடியிருக்கும்.

"தள்ளுபடி" என்றார் கொட்டேஷனார்.

"ஏன்டா, பனி பெஞ்சா என்னடா? குளிருக்கு விமானம் சூடேறாம ஓடும்ல?" என்றாள் அக்கா.

"அத்தை, ஓடுபாதையே தெரியாது" என்றாள் மகள்.

"துடைப்பம் வெச்சுத் தள்ளிட்டு ஓட்டு. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எல்லாமே கஷ்டம்."

தீவு நாடும் சமவெளி நாடும் நடுவாந்திர விலை. தீவு கொஞ்சம் குறைவு, சமவெளி கொஞ்சம் அதிகம். மணல் நாட்டு உறையைக் கிழித்ததும் கொட்டேஷனாரின் முகம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. மற்றவர்கள் சொன்னதில் பாதி விலை. கொள்முதல் பாஷையில் எல்லாரையும்விடக் குறைவாகச் சொன்னவனுக்கு 'எல்-ஒன்' என்று பேர். எல்-ஒன் என்ற சொல்லை அவர் வாய் உச்சரிக்கும்போது கண் தானாகவே மூடிக்கொள்ளும்.

மைத்துனர் எழுந்து நின்று எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார். "எங்க ஸ்கூல் மேல நம்பிக்கை வெச்சதுக்கு ரொம்ப நன்றி அத்தான்" என்றார். 'எங்க' ஸ்கூலாம்.

"அப்பா, கீழ சின்ன எழுத்தையும் படிங்க" என்றாள் மகள்.

படித்தார். எரிபொருள் தனி. சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் தனி. காதில் மாட்டும் கருவி தனி. இருக்கை மட்டும் சேர்த்தி. தரையிறங்கும் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம். உத்தேசமாக நானூறு தடவை.

"நானூறு தடவையா? ஏறுறதுக்குக் காசு கேக்கல, இறங்குறதுக்கு மட்டும் கேக்கறானே" என்றார். "நானூறு தடவை எதுக்கு இறங்கணும்?"

"ஏறின தடவையெல்லாம் இறங்கணும்ப்பா."

"அடிக்கடி ஏறாதே. ஒரு தடவை ஏறினா அஞ்சு மணி நேரம் மேலயே இருந்துட்டு வா. நாப்பது தடவைல முடிஞ்சுது."

"இறங்கத்தான்ப்பா முக்கியமா கத்துக்கணும். மேல போறதெல்லாம் பெரிய விஷயமில்ல."

"பேசினா எல்லாம் குறையும்" என்று கோப்பை மூடினார் அவர். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவதில் அவருக்கு நிகர் அவரே. அன்று இருபதாம் தேதி. மகள் சுவர்க் காலண்டரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மணல் நாட்டுப் பள்ளியின் ஆலோசகர் கணினித் திரையில் தோன்றினார். நம் பாஷை பேசுகிறவர். நெற்றி முதல் மோவாய் வரை சிரிப்பு. அவருக்குப் பின்னால் ஒன்பது விமானங்கள் வரிசையாக நின்றன, படத்தில். கொட்டேஷனார் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு பேரத்தில் இறங்கினார்.

"இறங்குறது நானூறு ரொம்ப அதிகம். அறுபதாக் குறைங்க."

"குறைச்சுடலாம் சார்."

"காதுல மாட்டறது நாங்களே கொண்டுவரோம்."

"தாராளமா சார்."

"ஆசிரியர் தினமும் வேண்டாம். வாரத்துல ரெண்டு நாள் வந்தாப் போதும்."

"நானும் அதைத்தான் சார் நினைச்சேன்."

கொட்டேஷனார் வாழ்நாளில் இப்படி ஒரு பேரம் படிந்ததில்லை. ஆசை யாரை விட்டது? இன்னும் கொஞ்சம் குனிந்து பார்ப்போம் என்று, "விமானத்துல ஒரு இறக்கையை எடுத்துட்டா விலையில எவ்வளவு கழிப்பீங்க?" என்றார்.

ஆலோசகர் கண் இமைக்கவில்லை. "மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் சார். உங்களுக்காகப் பண்ணிடலாம்."

கொட்டேஷனார் நாற்காலியில் நிமிர்ந்தார். முப்பத்து மூன்று வருடத்தில் அவர் ஒரு விஷயம் கற்றிருந்தார். ரப்பர் வளையம் விற்கிறவன்கூடக் காலணாக் குறைக்கச் சொன்னால் கண்ணீர் விடுவான், மேசையில் அடிப்பான், குடும்பக் கஷ்டம் சொல்வான். அவனிடம் சரக்கு இருக்கிறது. எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறவனிடம் தலை மட்டும்தான் இருக்கும்.

"உங்ககிட்ட படிச்ச மூணு பேரோட நம்பர் கொடுங்க. முந்தின வாடிக்கையாளர்களை விசாரிக்காம நான் ஆர்டர் கொடுக்கறதில்ல" என்றார்.

சிரிப்பு மோவாயிலிருந்து கொஞ்சம் நழுவியது. மூன்று கேட்டதற்கு ஒன்று கிடைத்தது, அதுவும் மூன்று நாள் கழித்து. அந்த எண்ணில் பேசிய பையன் மரியாதைக்காரன்.

"எத்தனை மாசமா இருக்கப்பா அங்க?"

"இருபத்தாறு மாசம் அங்கிள்."

"எத்தனை மணி நேரம் பறந்திருக்க?"

"நாப்பத்தொண்ணு அங்கிள்."

"ஏன், அங்க ஒன்பது விமானம் இருக்கே?"

"இருக்கு அங்கிள். ஒண்ணு பறக்கும். மிச்சம் எட்டும் அதுக்கு ஸ்பேர் பார்ட்ஸ். அந்த ஒண்ணுக்கு நாங்க நூத்திப் பத்து பேர் வரிசைல நிக்கறோம்."

"அப்ப மத்த நேரத்துல என்ன பண்ற?"

"புதுசா சேர வர்றவங்க வீட்டுல விசாரிச்சா போன்ல பேசுவேன் அங்கிள். அதுக்கு ரூம் வாடகைல கழிச்சுக்குவாங்க. ஸ்கூல் ரொம்ப நல்ல ஸ்கூல்னு சொல்லணும். சொல்லட்டுமா அங்கிள்?"

"வேண்டாம்ப்பா. சொன்னதா நான் வெச்சுக்கறேன். உன் வாடகைக்குப் பாதகம் வேண்டாம்" என்று போனை வைத்தார்.

மணல் நாடு தகுதிநீக்கம். செய்தி கேட்டு மைத்துனர் அன்று மாலையே வந்து குதித்தார். "எங்க ஸ்கூல்ல என்ன குறை கண்டீங்க? ஒரு விமானம் பறக்குதுல்ல? உங்க பொண்ணு என்ன ஒரே நேரத்துல ரெண்டு ஓட்டப்போறாளா?" என்று கேட்டுவிட்டு, டீகூட வேண்டாம் என்று கோபித்துக்கொண்டு கிளம்பினார். வாசல் கேட்டில் நின்று, யாராவது கூப்பிடுகிறார்களா என்று காது கொடுத்தார். யாரும் கூப்பிடவில்லை. திரும்பி வந்து டீயைக் குடித்துவிட்டு மறுபடி கோபித்துக்கொண்டு போனார்.

எல்-ஒன் போனால் அடுத்தது தானாக எல்-ஒன் ஆகும். இப்போது தீவு நாடு.

"என் தீவு ஜெயிச்சுடுச்சா?" என்று சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தாள் மனைவி. "ஐயோ, எனக்கு அந்த ஸ்கூலே வேண்டாங்க. புள்ளைக்குப் பிடிச்சதைக் கொடுத்துட்டுப் போங்களேன்."

"பிரதிநிதி பின்வாங்கினா முன்பணம் பறிமுதல்" என்றார் அவர்.

"எடுத்துக்கோங்க. நேத்து மீதியான குழம்புதான் இருக்கு."

இருபத்தேழாம் தேதி மகள் ஒரு தாளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "நீங்க மணிக்கு எவ்வளவுன்னு பாக்கறீங்கப்பா. நான் லைசென்ஸ் கைக்கு வர்ற வரைக்கும் எவ்வளவுன்னு போட்டிருக்கேன். தீவுல பாதி நாள் மழை. இருநூறு மணி முடிக்க இருபது மாசம் ஆகும். சமவெளில பதினொரு மாசம். வாடகை, சாப்பாடு, திரும்பி வந்து இங்க எழுத வேண்டிய பரீட்சை, எல்லாம் கூட்டியிருக்கேன். கடைசி வரியைப் பாருங்க."

பார்த்தார். சமவெளி, தீவைவிட ஒரு மயிரிழை குறைவு. எல்-ஒன்.

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல், "சரிபார்த்துட்டுச் சொல்றேன்" என்று சிவப்புப் பென்சிலைச் சீவினார். கூட்டலைச் சரிபார்த்தார். பெருக்கலைச் சரிபார்த்தார். பள்ளிக்கே போன் போட்டு எத்தனை விமானம் உண்மையில் பறக்கிறது என்று கேட்டார். பதினான்கு என்றார்கள். ஒன்றைப் பறக்கவிட்டுச் சத்தம் கேட்கச் சொன்னார். கேட்கவைத்தார்கள். விலையில் ஒரு புள்ளி குறைக்கச் சொன்னார். முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னார்கள். அவருக்கு அந்தப் பள்ளியை அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று.

மறுநாள் மத்தியானம்தான் பென்சில் ஒரு வரியில் நின்றது. சாப்பாடு. தீவுக்கு எழுதிய சாப்பாட்டுத் தொகையை மாதத்தால் வகுத்து, நாளால் வகுத்தார். நியாயமாக இருந்தது. சமவெளிக்கும் அப்படியே வகுத்தார். ஒரு நாளைக்கு ஒரு வேளைச் சாப்பாடுதான் வந்தது. இன்னொரு தடவை வகுத்தார். வகுத்தல் அவருக்கு என்றைக்கும் துரோகம் செய்ததில்லை.

மகளைக் கூப்பிட்டார். "தீவுல மூணு வேளை சாப்பிடற. சமவெளில ஒரு வேளை. ஏன்?"

மகள் அசடு வழிந்தாள். "தீவு நான் போகப்போற ஊரு இல்லையே. அதான் அங்க நல்லா சாப்பிட்டுட்டேன்."

"விளையாடாத."

"மூணு வேளைன்னு போட்டா சமவெளி ரெண்டாவதாயிடும்ப்பா. நீங்க எல்-ஒன்னைத் தவிர எதையும் வாங்க மாட்டீங்க. எங்க குறைக்கலாம்னு பாத்தேன். எரிபொருளைக் குறைக்க முடியாது, ஆசிரியரைக் குறைக்க முடியாது." தோளைக் குலுக்கினாள். "என்னால குறைக்க முடிஞ்சது அது ஒண்ணுதான். பதினொரு மாசம்தானே. வயிறு ஒண்ணும் சொல்லாது."

இப்படி உள்ளுக்குள் எங்கேயோ அறுத்து விலையைக் குறைத்துக்கொண்டு வந்தவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார், 'கெட்டிக்காரன்' என்று முதுகில் தட்டியிருக்கிறார். அறுத்தது எதை என்று ஒருத்தனிடமும் கேட்டதில்லை. கேட்க அறிவிப்பில் இடமில்லை.

"போ, நான் பாத்துக்கறேன்" என்றார். மகள் இரண்டு நாளும் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தோற்றாள். எதைப் பார்த்துக்கொள்கிறார் என்பதை அந்த மனிதர் மூக்குக் கண்ணாடிக்குக்கூடச் சொல்லவில்லை.

முப்பதாம் தேதி மூன்றரை மணிக்கு இரண்டு பேரும் வங்கியில் உட்கார்ந்திருந்தார்கள். கடன் பிரிவு அதிகாரி, கண்ணாடியைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருந்த அம்மாள். காகிதம் படிப்பதில் கொட்டேஷனாருக்கு உடன்பிறப்பு மாதிரி. முந்தின நாள்தான் கொட்டேஷனார் வரவழைத்திருந்த சமவெளிப் பள்ளியின் சேர்க்கைக் கடிதத்தைப் படித்தார். கூட ஒரு தடித்த கோப்பு இருந்தது. வங்கி கேட்காத கோப்பு. ஆனாலும் கொட்டேஷனார் இணைத்திருந்தார். ஒப்பீட்டுப் பட்டியல் இல்லாமல் அவர் பேருந்துகூட ஏறமாட்டார்.

மணி மூன்று நாற்பத்தைந்து. அதிகாரி ஒரு பக்கத்தில் விரல் வைத்தார்.

"சார், நீங்க கொடுத்த பட்டியல்லயே தீவு ஸ்கூல்தான் குறைவா இருக்கு."

மகள் சட்டென்று எட்டிப் பார்த்தாள். சமவெளி, சாப்பாடு என்ற வரியில் அவள் எழுதியிருந்த தொகை சிவப்பில் அடிக்கப்பட்டு, பக்கத்தில் மூன்று மடங்கு எழுதியிருந்தது. கீழே ஒரு புது வரி: இடையில் நொறுக்குத்தீனி. கடனுக்கு மேல் போன தொகைக்கு நேராக 'சொந்தப் பங்கு, தகப்பனார் வைப்புநிதியிலிருந்து' என்று இருந்தது. ஓரத்தில் திருத்தியதற்குச் சாட்சியாகத் தேதியோடு சுருக்கொப்பம்.

"அப்பா, நான் போட்ட கணக்கு இது இல்லையே."

"வாங்குறவருக்குத் திருத்த உரிமை உண்டு. அஞ்சாம் பக்கம், ஒன்பதாவது விதி" என்றார் அவர், அவள் பக்கம் திரும்பாமல்.

"அது இருக்கட்டும் சார்" என்றார் அதிகாரி. "குறைஞ்ச விலைக்கு ஒண்ணு இருக்கறப்ப ஏன் அதிகத்துக்குப் போறீங்கன்னு காரணம் எழுதணும். இல்லேன்னா மேலிடத்துல திருப்பி அனுப்பிடுவாங்க."

இந்தக் கேள்வியைக் கொட்டேஷனார் தன் கீழே வேலை பார்த்தவர்களிடம் ஒரு லட்சம் தடவை கேட்டிருப்பார். பதில் எழுதத் தெரியாமல் எத்தனை பேர் வியர்த்திருக்கிறார்கள், எத்தனை கோப்பு ஓய்வு பெறும்வரை அவர் மேசையிலேயே குடியிருந்திருக்கிறது. இப்போது பதில் எழுத வேண்டியது அவர். மணி மூன்று ஐம்பது. சமவெளியில் வானம் தெளிவு என்று சொல்லலாம், விமானம் அதிகம் என்று சொல்லலாம். இரண்டும் உண்மை. இரண்டுக்கும் ஆதாரம் கேட்பார்கள், ஆதாரம் வர ஒரு வாரம் ஆகும்.

"தீவுல மழை" என்றார் கடைசியில்.

"சரி?"

"பொண்ணுக்கு மழைன்னா சளி பிடிக்கும்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "சளியா?"

"ஆமாங்க. சின்ன வயசுலேருந்தே."

மருத்துவச் சான்றில் முதல் தரத் தகுதி வாங்கியிருந்த மகள், அதிகாரி தன் பக்கம் திரும்பியதும் ஒரு இருமல் இருமினாள். அந்த வங்கிக் கிளையில் அப்படியொரு மட்டமான இருமலை அதுவரை யாரும் இருமியிருக்க மாட்டார்கள்.

அதிகாரி இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, காரணம் என்ற கட்டத்தில் 'தட்பவெப்பம் விண்ணப்பதாரரின் உடலுக்கு ஒவ்வாது' என்று நிதானமாக எழுதி, படிவத்தைக் கொட்டேஷனார் பக்கம் திருப்பி வைத்தார்.

அவர் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். மூன்றாவது கையெழுத்துப் போடும்போது, "அங்க காலைல என்ன சாப்பாடு போடுவான்னு விசாரிச்சியா?" என்று மகளிடம் கேட்டார். மணி மூன்று ஐம்பத்தாறு. அதிகாரி முத்திரையை ஊதி, படிவத்தின்மேல் ஓங்கிக் குத்தினார்.